தெருக் கோடியில் ஒரு மின்சார மயில்

விளக்கின் அடியில்தான் இருட்டு என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். அவர்கள் அகல் விளக்கையும் குத்துவிளக்கையும் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. மின்சார விளக்குக்கும் அது பொருந்தும் என்பதை ஒரு பங்குனி உத்திரத்தன்று நெய்வேலியில் நாம் தெரிந்துகொண்டோம்.

நெய்வேலி நகரியத்தில் நமக்குப் பழைய நண்பர் ஒருவர் உண்டு. சுரங்கத்தில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மகனுக்கும் அங்கேயே உத்தியோகம் ஆகிவிட்டபடியால் அவருடைய குவார்ட்டர்ஸ் வாசம் முடிவுறாமல் தொடர்ந்துகொண்டிருக்கிறது. "வில்லுடையான்பட்டு முருகன் கோயில் காவடிகளைக் காண ஆயிரம் கண் வேண்டும். உமக்கிருப்பது இரண்டும், அவற்றின்மேல் ஒரு மூக்குக் கண்ணாடியும். அவற்றோடாவது வந்து சேரும்" என்று வருஷந்தோறும் எழுதுவார். கடைசியில் போய்ச் சேர்ந்தோம்.

காவடிகளைப் பற்றி வேறொரு சமயம் எழுதுவோம். அன்று முன்னிரவில், நண்பருடைய பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையில் நடந்து வந்தபோது, ஒரு தெரு முனையில் முப்பது அடி உயரத்தில் ஒரு மயில் நின்றது. மூங்கில் தட்டியில் சிறு சிறு வர்ண பல்புகளைக் கட்டி அமைத்த மயில். முதலில் அதன் கழுத்து நீலமாக ஒளிர்ந்தது. பிறகு தோகை, ஓர் இறகு, இரண்டு இறகு என்று வரிசையாக விரிந்தது. விரிந்து முடிந்ததும் மேலே ஒரு வேல் பளிச்சென்று தோன்றியது. உடனே எல்லாம் அணைந்து ஒரு விநாடி இருள். மறுபடியும் கழுத்து. ஜனங்கள் தலையை அண்ணாந்து நின்றார்கள். பலூன்காரர்கூடத் தம் வியாபாரத்தை மறந்து நின்றார்.

"தாத்தா, இந்த மயிலை வரைஞ்சது யாரு?" என்று குழந்தை கேட்டாள்.

நமது நண்பர், "மைக் செட்காரர், அம்மா" என்றார்.

"மைக் செட்காரருக்கு வரையத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்கு நண்பரிடம் பதில் இல்லை. நம்மிடமும் இல்லை. இத்தனை வருஷமாகத் திருவிழாத் தெருக்களில் சீரியல் செட்டைப் பார்த்து வந்திருக்கிறோம். அம்மன் கையில் சுழலும் சூலத்தையும், சிவபெருமான் சடையிலிருந்து வழியும் கங்கையையும் கண்டு நாமும் வாயைப் பிளந்ததுண்டு. ஆனால் அவற்றைச் செய்தவர் யார் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. விளக்கின் அடியில் இருட்டு என்பது இதுதான்.

* * *

இந்தக் கேள்வி நெய்வேலியில் எழுந்தது மிகவும் பொருத்தம். வெளிச்சம் பிறக்கும் ஊர் அது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கரிய பொருள் ஒன்று வெளிவந்ததிலிருந்து அதன் கதை தொடங்குகிறது. பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ல் ஏற்பட்டது. 1957 மே மாதத்தில் பண்டித ஜவாஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். பூமிக்கடியில் அழுத்தத்தோடு பொங்கும் ஊற்று நீரை இரவு பகலாக இறைத்த பிறகே நிலக்கரியை அணுக முடிந்தது. சோவியத் ருஷியாவின் உதவியுடன் கட்டிய முதல் அனல் மின் நிலையம் 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. 600 மெகாவாட் அளவுக்கு வளர்ந்து, தமிழ்நாட்டின் வீடுகளுக்கும் வயல்களுக்கும் உழைத்துக் களைத்து, 2020-ல் அது ஓய்வு பெற்றது. புதிய நிலையங்கள் அந்தச் சுமையை ஏற்றிருக்கின்றன. இந்த வெளிச்சத்துக்காகச் சொந்த ஊரையும் விளைநிலத்தையும் விட்டுப் போன குடும்பங்களும் உண்டு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அதே நெய்வேலிக்குப் பக்கத்தில் இருக்கிறது வடலூர். அங்கே வள்ளலார் நிறுவிய சத்திய ஞான சபையில் தைப்பூசத்தன்று ஏழு திரைகளை நீக்கி ஜோதி தரிசனம் காட்டுகிறார்கள். வெளிச்சத்தை வெறும் சௌகரியமாக எண்ணாமல், கண்டு வணங்க வேண்டிய பொருளாகவே கருதிய பிரதேசம் இது. இப்படிப்பட்ட இடத்தில் தெருவிலே ஒளியால் சித்திரம் எழுதுகிறவருக்கு மட்டும் பெயர் கிடையாது என்றால் அது நியாயமா?

* * *

மயிலின் முன்னால் நின்று நியாயம் பேசுவதைவிட, அதன் பின்னால் சென்று பார்ப்பது மேல் என்று தோன்றியது. குழந்தையும் நம்முடன் வந்தாள்.

பின்புறத்தில் மயில் இல்லை. மரச் சட்டங்களும், கயிறுகளும், சடை சடையாகத் தொங்கும் ஒயர்களுமே இருந்தன. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கையில் குறடுடன் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாம் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். "உட்காருங்கள், ஐயா. படம் வரைந்தவர் உட்காரலாம், பார்க்க வந்தவர்கள்தான் நிற்க வேண்டும்" என்றோம். அவருக்குச் சிரிப்பு வந்தது. பேச்சும் வந்தது.

தரையில் சுண்ணாம்புக் கட்டியால் படத்தை முழு அளவில் முதலில் வரைந்து கொள்வாராம். கோட்டின் மேல் சட்டங்களைப் பொருத்தி, அந்தக் கோட்டின் போக்கிலேயே பல்புகளைக் கட்டிக்கொண்டு போவாராம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். சிறு பல்பு ஒன்று தாங்குவதோ 6 வோல்ட்தான். ஆகையால் சுமார் 40 பல்புகளை ஒரே சரமாகக் கோத்தால் ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பூத்தொடுப்பது போன்ற காரியம்தான். ஒரு வித்தியாசம்: பூச்சரத்தில் ஒரு பூ உதிர்ந்தால் மற்றப் பூக்கள் வாடுவதில்லை. இந்தச் சரத்தில் ஒரு பல்பு போனால் நாற்பதும் அணைந்துவிடும். அந்த ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் தம் வாழ்நாளில் பாதி கழிந்தது என்றார்.

"அணைந்த சரத்தில் மின்சாரம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், ஐயா. பல்பு இருட்டாயிருக்கும், ஒயரில் உயிர் இருக்கும். தொட்டவன் உயிர்தான் இருக்காது" என்று அவர் சாதாரணமாகச் சொன்னபோது நமக்கு முதுகு சிலிர்த்தது. விஷயம் உண்மையே. சரம் அறுந்திருந்தாலும், மின்சாரம் நுழையும் முனையிலிருந்து அறுந்த இடம் வரையில் முழு 230 வோல்ட்டும் காத்துக்கொண்டிருக்கிறது.

மயில் தோகை விரிப்பது எப்படி என்று குழந்தை கேட்டாள். அதற்காக அக்காலத்தில் மர உருளை ஒன்று உண்டு. அதன்மேல் தாமிரத் தகடுகளை நீளமும் குட்டையுமாகப் பதித்திருப்பார்கள். சிறு மோட்டார் உருளையைச் சுழற்றும். ஹார்மோனியக் கட்டைகளை விரல் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுவது போலத் தகடுகள் தொடு முனைகளைத் தொட்டுச் செல்லும். எந்தச் சரத்துக்குரிய தகடு தொடுகிறதோ அந்தச் சரம் எரியும். உண்மையில் ஒரு விளக்கும் இடத்தை விட்டு நகர்வதில்லை. ஒரு விளக்கை அடுத்து மறு விளக்கு விரைவாக எரிவதால் ஒளி ஓடுவது போல நமக்குத் தோன்றுகிறது. சினிமாவும் இதே ஏமாற்று வித்தைதான். ஆனால் சினிமாக்காரருக்குக் கிடைக்கும் மாலை இவருக்குக் கிடைப்பதில்லை.

பிற்பாடு உருளையின் வேலையைக் கட்டை விரல் நகம் அளவுள்ள மின்னணுச் சில்லுகள் ஏற்றுக்கொண்டன. இன்று தோகையின் தாளத்தைக் கம்ப்யூட்டரில் எழுதிச் சில்லுக்குள் செலுத்திவிடலாம். ஒவ்வொரு விளக்குக்கும் தனிச் சில்லு வைத்து, எந்த விளக்கு எந்த நொடியில் எந்த நிறம் காட்ட வேண்டும் என்று கட்டளையிடும் வகைகளும் வந்துவிட்டன. "உருளை போனதில் எனக்கு வருத்தமில்லை. சத்தம் அதிகம், தீப்பொறி வேறு. ஆனால் தாளம் கையிலிருந்து வர வேண்டும், ஐயா. தோகை எவ்வளவு மெதுவாக விரிந்தால் மயிலுக்குக் கர்வம் வரும் என்பதைச் சில்லா சொல்லும்?" என்றார் அவர்.

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட பிறகு, அவர் கலைஞரா, தொழிலாளியா என்ற சந்தேகம் நமக்கு எழவில்லை.

* * *

ஆனால் நமது ரசிக நண்பர்கள் சிலருக்குச் சந்தேகம் எழும். "கண்ணைப் பறிக்கும் பச்சையும் சிவப்பும் ஒரு கலையா?" என்று அவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். சித்திரம் என்றால் சட்டமிட்டுச் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். அதன்கீழ் கையெழுத்து இருக்க வேண்டும். விலைச் சீட்டும் இருந்தால் இன்னும் உத்தமம் என்பது அவர்கள் கொள்கை. நாம் அவர்களுடன் சண்டைக்குப் போகவில்லை. மட்டமான சீரியல் செட்டுகள் இருக்கத்தான் செய்கின்றன; மட்டமான எண்ணெய் வர்ணப் படங்களும் இருக்கின்றன. நமது தாய்மார்கள் விடியற்காலையில் தெருவிலே போடும் கோலம் மாலைக்குள் அழிந்துவிடுகிறது. அதனால் அது கலையல்ல என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? திருவிழா முடிந்ததும் அவிழ்த்துச் சாக்கில் கட்டிவிடும் இந்த மயிலும் அந்தக் கோலத்தின் உடன்பிறந்ததுதான்.

வங்காளத்தார் இந்த விஷயத்தில் நம்மைவிடப் புத்திசாலிகள். புதுச்சேரியைப் போலவே ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த சந்தன்நகரில், ஜகத்தாத்ரி பூஜை ஊர்வலம் மின்விளக்குச் சித்திரங்களுக்குப் பெயர் போனது. அங்கேயும் இது சாதாரண ஜனங்களின் கைத்தொழிலாகவே தொடங்கியது. ஆனால் அந்த ஊரார் தங்கள் விளக்குக் கலைஞர்களின் பெயரை மறைக்கவில்லை. ஸ்ரீதர் தாஸ் என்ற பெயரைச் சொன்னால் வங்காளத்தில் பலருக்குத் தெரியும். ஊரின் பெயரும் அவரைப் போன்றவர்களால் உயர்ந்தது.

கடல் கடந்த தேசத்துச் சமாசாரம் ஒன்றும் சொல்ல வேண்டும். நியூயார்க் நகரத்தில் 2006-ம் ஆண்டில் இவான் ராத், ஜேம்ஸ் பௌடர்லி என்ற இரு இளைஞர்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள். சிறு எல்.இ.டி. விளக்கு ஒன்று, கைக்கடிகாரத்தில் போடுவது போன்ற காசு வடிவ பாட்டரி ஒன்று, ஒரு காந்தத் துண்டு, மூன்றையும் ஒட்டுவதற்கு ஒரு முழ நாடா. இவ்வளவுதான் முதல். அதைத் தூக்கி எறிந்தால் இரும்புப் பாலத்திலும் கம்பத்திலும் போய் ஒட்டிக்கொண்டு நட்சத்திரம் போல மின்னும். செய்முறையையும் யாவருக்கும் பகிரங்கமாக வழங்கிவிட்டார்கள். பாட்டரிகளை வீதியில் இறைப்பது நல்ல பழக்கமல்ல. அதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டியதில்லை.

ஆனால் அதே கோஷ்டியார் பிற்பாடு நண்பர்கள் சிலருடன் கூடிச் செய்த காரியத்துக்கு நாம் தலை வணங்குகிறோம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் டோனி க்வான் என்றொரு சுவர்ச் சித்திரக்காரர். நரம்பு நோயினால் உடல் முழுதும் செயலற்றுப் படுக்கையில் கிடந்தார்; கண்கள் மாத்திரம் அசைந்தன. 2009-ல் இவர்கள் மலிவான மூக்குக் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு சிறு காமிராவைப் பொருத்தி, கண்ணின் அசைவையே தூரிகையாக்கும் கருவி ஒன்றைச் செய்தார்கள். படுக்கையில் கிடந்தபடி அவர் கண்ணால் எழுதிய எழுத்து, வெளியே ஒரு பெரிய கட்டடத்தின் சுவரில் ஒளியாக எழுந்தது. மின்சாரத்தினால் ஆகக்கூடிய காரியங்களில் இதைவிடப் பெரியது எதுவென்று நமக்குத் தெரியவில்லை.

* * *

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். நெய்வேலியில் முதல் மின்சாரம் பிறந்த அதே 1962-ல்தான், அமெரிக்க விஞ்ஞானி நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். நீல ஒளிக்கு மேலும் முப்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நகாமுரா என்ற மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. பழைய பல்பு தான் வாங்கும் மின்சாரத்தில் பெரும் பகுதியைச் சூடாக்கி வீணடித்தது. எல்.இ.டி.யோ இரண்டு மூன்று வோல்ட்டிலேயே பிரகாசிக்கிறது. நிலக்கரியும் மிச்சம், தகுந்த கருவியால் மின்னழுத்தத்தைக் குறைத்துக் கொடுத்தால் கலைஞரின் உயிரும் மிச்சம்.

இதனால் ஒரு சங்கடமும் வந்திருக்கிறது. ஆயத்தமாகச் செய்த பிளாஸ்டிக் சரங்களும், வெளிநாட்டு மாதிரியில் அச்சடித்தாற்போன்ற தோரணங்களும், பெரிய எல்.இ.டி. திரைகளும் கடைக்கு வந்துவிட்டன. வாடகைக்கு வாங்கி மாட்டினால் தீர்ந்தது வேலை. சுண்ணாம்புக் கட்டி எடுத்து மயில் வரைகிறவர் எதற்கு என்று விழாக் கமிட்டிகள் கேட்கத் தொடங்கிவிட்டன. "என் மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. வரச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை" என்று அந்தப் பெரியவர் சொன்னதற்கு இது ஒரு காரணம்.

இரண்டாவது காரணம் பயம். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சைக்கு அருகே களிமேட்டில் நடந்ததைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயரழுத்த மின்கம்பியில் பட்டு, சிறுவர்கள் உட்பட 11 பேர் மாண்டார்கள். அலங்காரம் ஆனந்தத்துக்காக ஏற்பட்டது. ஒரு தாய் வயிறு எரிய அந்த ஆனந்தம் நமக்கு வேண்டியதில்லை.

ஆகையால் விழாக் கமிட்டியாருக்கும் நெய்வேலிப் பெரியோர்களுக்கும் நாம் மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கிறோம்.

முதலாவது, உயிர். தட்டி நிறுத்தும் முன்பும் தேர் புறப்படும் முன்பும் மேலே செல்லும் கம்பியின் உயரத்தை அளந்து பாருங்கள். பவனி வரும் வேளையில் அந்தப் பாதையில் மின்சாரத்தை நிறுத்தச் செய்யுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் நொடியில் துண்டித்துவிடும் கருவி இல்லாமல் எந்தத் தட்டிக்கும் இணைப்புக் கொடுக்காதீர்கள். மழை தூறினால் மயில் ஆட வேண்டாம்; அணைத்துவிடுங்கள். கட்டுகிறவருக்குக் கையுறையும் காப்புறுதியும் கொடுப்பதில் கமிட்டியின் கஜானா காலியாகிவிடாது.

இரண்டாவது, பெயர். கோயிலுக்கு ஒரு குழல் விளக்கை உபயம் செய்தால், வெளிச்சம் வெளியே வராதபடி அதன்மேல் உபயதாரரின் பெயரையும், தகப்பனார் பெயரையும், கடையின் பெயரையும் எழுதுகிற ஜனங்கள் நாம். மூவாயிரம் விளக்குகளை வைத்து மயில் செய்தவரின் பெயருக்கு ஒரு முழ இடம் கிடையாதா? தட்டியின் மூலையில் அதையும் பத்து விளக்குகளால் எழுதட்டும்.

மூன்றாவது, பள்ளிக்கூடம். வட்டம் வட்டமாக வகுத்து, மரங்களும் பாடசாலைகளுமாய் அமைந்த நகரியம் நெய்வேலி. பல ஆண்டுகள் புத்தகக் கண்காட்சி நடத்திப் பெயர் பெற்ற ஊர். அங்கே வருஷத்துக்கு ஒரு நாள் ஒளிச் சித்திரப் போட்டி ஒன்று நடக்கட்டும். குழந்தைகளுக்கு 3 வோல்ட் பாட்டரியும் நான்கு எல்.இ.டி.களும் அட்டையும் கொடுத்தால் ஆபத்தும் இல்லை, செலவும் அதிகமில்லை. கற்பிப்பதற்கு அந்தப் பெரியவரைப் போன்றவர்களை அழைத்து, நாற்காலி போட்டு, சன்மானமும் கொடுக்க வேண்டும். வெளிச்சத்தை உற்பத்தி செய்யும் ஊர் அதைக்கொண்டு எழுதவும் கற்றுக்கொண்டால் அதைவிட அழகு வேறென்ன?

* * *

புறப்படும் சமயத்தில் குழந்தை அவரிடம், "உங்க பேரு என்ன, மாமா?" என்று கேட்டாள். முப்பது வருஷத் தொழிலில் தட்டிக்குப் பின்னால் வந்து பெயர் கேட்ட முதல் ஆள் இவள்தான் என்றார் அவர். பீடிக் கட்டின் உறையைக் கிழித்து, அதன் பின்புறத்தில் பென்சிலால் தம் பெயரை எழுதி அவளிடம் கொடுத்தார். அந்தப் பெயரை இங்கே வெளியிட வேண்டாமென்று நம்மைக் கேட்டுக்கொண்டார், நாமும் இசைந்தோம். அது முதலில் இடம்பெற வேண்டியது பத்திரிகைப் பக்கத்தில் அல்ல, மயிலின் காலடியில்.

சென்ற வாரம் நண்பரிடமிருந்து கடிதம் வந்தது. பேத்தி ஒரு பழைய காலண்டர் அட்டையில் துளைகள் இட்டு, நான்கு விளக்குகளைச் செருகி, வீட்டு வாசலில் மாட்டியிருக்கிறாளாம். மயில் என்று அவள் சொல்கிறாள். காக்கை போல இருக்கிறது என்று தாத்தா எழுதுகிறார். அட்டையின் மூலையில் மட்டும் பெயர் தெளிவாக இருக்கிறதாம்.